லைனில் கோளாறு

மாமியின் வீட்டில் எந்தச் சாமானும் கெட்டுப்போனது கிடையாது. எந்த மனிதரும் தப்புச் செய்தது கிடையாது. மிக்ஸி பாதிச் சட்னியில் நின்றாலும், அடுத்த வீட்டுக் குழந்தை கணக்கில் பூஜ்யம் வாங்கினாலும், பால்காரர் வராமலே போனாலும் மாமியிடம் ஒரே தீர்ப்புத்தான்: "லைன்ல கோளாறு, கேட்டியோ."

இந்தக் 'கேட்டியோ'வில் நான் முதலில் ஏமாந்துபோனேன். நாகர்கோவிலிலிருந்து வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்து, கிழக்கேகோட்டையில் ஓர் உள்தெருவில் மாமி வீட்டு மாடியறையை வாடகைக்கு எடுத்த புதிது. மாமி ஒவ்வொரு வாக்கியத்தையும் 'கேட்டியோ' என்று முடிப்பார். நானும் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்வேன். "மோட்டார் காலம்பறதான் போடணும், கேட்டியோ." "கேட்டேன் மாமி." "மழை பேஞ்சா மாடிப்படி வழுக்கும், கேட்டியோ." "கேட்டேன் மாமி." கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த மாமி ஒருநாள் தாங்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"அசடே, அது கேள்வி இல்லேடீ. மலையாளத்துல எல்லாரும் கடைசியில ஒரு 'கேட்டோ' போடறா இல்லையா, அது எங்காத்துத் தமிழ்ல வந்து ஒட்டிண்டுடுத்து. அதுக்குப் பதில் சொன்ன மொத ஆள் நீயாக்கும்."

"அப்ப கேக்கலன்னாலும் பரவாயில்லியா மாமி?"

"யாருக்கு? எனக்கா?" என்றார் வெடுக்கென்று. பிறகு மறுபடி சிரித்தார்.

லைன் வந்த வழி வேறு. மாமி வேலை பார்த்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். டிரங்க் கால் புக் செய்துவிட்டு ஜனங்கள் காத்துக் கிடந்த காலம். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரையும் ஊரையும் ஒயரால் முடிச்சுப் போட்ட கூட்டத்தில் மாமியும் ஒருவர். அதைப் பற்றிப் பேசச் சொன்னால் அவருக்கு வயது இருபது குறைந்துவிடும். ஒருமுறை பம்பாயிலிருந்து ஒருவன் இங்கே பக்கத்து மலையோர ஊரான விதுராவில் இருந்த மனைவியைக் கூப்பிட்டிருக்கிறான். இணைப்புக் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. அவன் "ஹலோ, ஹலோ" என்று கத்துகிறான்; இவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் மாமிக்குக் கேட்கிறது. என்ன கோபமோ!

"நான் நடுவுல பூந்து, 'சார், லைன்ல கோளாறு, செத்தெ பொறுங்கோ'ன்னேன். அவளண்டை மலையாளத்துல, 'மோளே, லைன் இப்போ சரியாகும், ஒரு வார்த்தை சொல்லிப் பாரு'ன்னேன். அவ 'ம்' அப்படின்னா. 'சார், லைன் சரியாயிடுத்து'ன்னேன். அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு பேரும் நேரம் முடியற வரைக்கும் பேசித் தீத்தா."

"பொய் சொல்லியிருக்கீங்க மாமி."

"என்னடீ பொய்? அவாளுக்கு நடுவுல இருக்கறதும் லைன்தானே. புருஷன் மேல குத்தம், பொண்டாட்டி மேல குத்தம்னு சொன்னா ரெண்டு பேரும் போனை வெச்சுடுவா. லைன் மேல போட்டா யாருக்கும் மானக்கேடு இல்லே."

எனக்கு இது பிடித்துப் போயிற்று. இன்னொரு கம்பெனிக்கு வீடியோவில் இன்டர்வியூ கொடுத்துச் சொதப்பிவிட்டு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கி வந்த அன்று மாமி பலாப்பழத்தில் கிண்டிய சக்கைவரட்டி டப்பாவை முன்னால் நகர்த்தி, "லைன்ல கோளாறா இருக்கும்" என்றார். "லைன் நல்லாத்தான் இருந்து மாமி. எனக்குத்தான் பதில் தெரியல" என்றேன். "தெரிஞ்சதெல்லாம் வாய்க்கு வர்ற வழியில எங்கேயோ நின்னிருக்கும். தின்னு" என்றார். அதைவிட இதமாக யாரும் என் தோல்வியை விளக்கியதில்லை.

ஆனால் வாசல் பெல் விவகாரம் இதமாக முடியவில்லை.

மாமிக்கு ஒரே மகன். பெங்களூரில் மனைவியோடு இருந்தார். அம்மாவைத் திகைக்க வைக்கலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பகலில் வந்து பெல்லை அழுத்தினார். அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். கதவைத் தட்டினார். போன் செய்தார், உள்ளே போன் அடிப்பது அவருக்கே வெளியில் கேட்டது. தெருவே கூடிவிட்டது. கடைசியில் எதிர்வீட்டுப் பையன் பின்சுவர் ஏறிக் குதித்துப் போய்ப் பார்த்தால், மாமி அடுக்களையில் நிம்மதியாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து, மகனின் வியர்த்த முகத்தைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை என்னவாக இருக்கும்? "பெல்லோட லைன்ல கோளாறு."

நான் ஆபீஸிலிருந்து வந்ததும் பெல்லைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் சாலை பஜாருக்குப் போய், மணி ஆர்ப்பாட்டமாக அடிக்கிற வேறொரு பெல் வாங்கி வந்து மாட்டினேன். மகன் அன்று அம்மாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது, ஏனென்றால் அவர் கத்திச் சொன்னார்: "அம்மா, இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா ஒத்தையில இருக்கற கதையே வேண்டாம். பெங்களூருக்கு வந்துடு. வீட்டைப் பூட்டிடலாம்." மகன் குளிக்கப் போனபின் மாமி என்னிடம், "அவா ஆத்துல ஜன்னலைத் திறந்தா எதிர்ல இன்னொருத்தர் ஜன்னல்தான் தெரியும். பன்னெண்டாவது மாடியில நான் யாரோட பேசறது?" என்றார். குரல் அவ்வளவு சிறுத்து நான் கேட்டதில்லை.

மகன் கெட்டவர் இல்லை. பயந்துபோனவர். என் நம்பரை வாங்கிக்கொண்டு போய் அவ்வப்போது 'அம்மா ஓகேவா?' என்று செய்தி அனுப்புவார். அடுத்த வருகையில் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு ஹோம் தியேட்டரே வாங்கி வந்து மாட்டிவிட்டுப் போனார். ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், அத்தனைக்கும் சத்தத்தைப் பெருக்கிப் பிரித்துக் கொடுக்க, கண்ணாடி அலமாரியில் கறுப்பாக, கனமாக ஒரு ரிசீவர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை! சத்தம் என்றால் எனக்கு அப்படி ஒரு பைத்தியம். படித்தது எலக்ட்ரானிக்ஸ், பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை, மிச்ச உயிர் முழுக்க ஸ்பீக்கர்களுக்கு என்று இருந்த காலம். மாமி சப்வூஃபரின் மேல் காய்கறிக் கூடையை வைத்திருந்ததைப் பார்த்தபோது நெஞ்சு வலித்தது.

அந்த ரிசீவர்தான் அடிக்கடி தானாக அணைய ஆரம்பித்தது.

"டீ, உன் சிநேகிதன் மறுபடியும் கண்ணை மூடிண்டுட்டான்" என்று மாடிப்படி அடியில் நின்று மாமி கூப்பிடுவார். நான் மல்டிமீட்டர், டார்ச், ஸ்க்ரூ டிரைவரோடு பாய்ந்து இறங்குவேன். அணைவதற்கு முன் முகப்பில் ஏதாவது எழுத்து வந்ததா என்று கேட்டேன். மாமி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வைத்திருந்தார்: புரொடெக்ட்.

"அப்படின்னா மெஷின் தன்னைத்தானே காப்பாத்திக்குது மாமி. உள்ள கறண்டு அளவுக்கு மீறினா, சூடு ஏறினா, எரிஞ்சு போகாம அதுவே அணைஞ்சிரும்."

"காப்பாத்திக்கறதா? யார்ட்டேருந்து? நான் என்ன அதை அடிச்சேனா?"

முதலில் சூடாக இருக்கும் என்று நினைத்தேன். அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, காற்றுப் படுகிற மேசையில் வைத்தேன். ஓட்டிப் பார்த்தோம், ஜோராக ஓடியது. மறுநாள் சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது மறுபடி கண்ணை மூடியிருந்தது. அடுத்தது ஒயர். ஸ்பீக்கர் ஒயரில் ஒரு மெல்லிய இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்டுபிடித்ததும் நான் போட்ட கூச்சலில் மாமி பல்லியோ என்று பயந்துவிட்டார். வெட்டி, முறுக்கி, மாட்டினேன். ஓடியது. மறுநாள் மூடியது. வோல்டேஜ் என்று சந்தேகப்பட்டு ஸ்டெபிலைசர் இரவல் வாங்கி வந்தேன். உள்ளே எறும்பு கூடு கட்டியிருக்குமோ என்று மூடியைக் கழற்றி பிரஷ்ஷால் தூசி தட்டினேன். இன்டர்நெட்டில் முகம் தெரியாத ஆடியோப் பைத்தியங்களோடு வாதாடினேன். நான் உட்கார்ந்திருக்கும்வரை ரிசீவர் பரம சாதுவாகப் பாடும். நான் இல்லாத பகலில் உயிரை விடும்.

"உன்னைக் கண்டா அதுக்கு மரியாதை" என்றார் மாமி. "எல்லாம் லைன்ல கோளாறுதான், விடுடீ." ஆனால் விடவும் மாட்டார். "ஓணத்துக்கு அவன் வரான். வந்து போட்டுப் பாக்கறச்சே அணைஞ்சுதுன்னா, அம்மாவுக்கு ஒரு டிவி கூடப் பாத்துக்கத் தெரியலேம்பான். அதுக்குள்ள சரியாக்கிக் குடு, கேட்டியோ." அந்தக் 'கேட்டியோ' மட்டும் கேள்வியாக இருந்தது.

பிறகு ஒருநாள் எனக்குக் காய்ச்சல். ஆபீஸில் பாதியில் கிளம்பி, நடுப்பகலில் தெருவுக்குள் நுழைந்தேன். தெரு முனையிலேயே செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல் எனக்குக் கேட்டது. ஏதோ கட்சி ஊர்வலம் என்று நினைத்தேன். கிட்ட வர வர, அது எங்கள் வீட்டிலிருந்துதான். ஜன்னல் கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மலையாளி அங்கிள் வாசலில் பேப்பர் படித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். "மாமி வார்த்த வெச்சால் ஞங்ஙள்க்கு டிவி வேண்டல்லோ" என்றார். மாமி செய்தி வைத்தால் அவர்கள் வீட்டில் டிவியே வேண்டாமாம். தெருவுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அப்போது 'டக்' என்றது. தெரு முழுக்க அமைதி.

நான் உள்ளே போனேன். மாமி சோபாவில் இல்லை. ஸ்பீக்கரை ஒட்டி ஒரு மணையைப் போட்டு, காதை அதன்மேல் வைக்காத குறையாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. எழுந்தார்; ரிசீவரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெரிய திருகை இடப்பக்கமாக, கீழே, நான் வழக்கமாக வைக்கிற இடத்துக்குக் கொண்டுவந்தார். கைப்பழக்கமாகச் செய்தார். பிறகுதான் மாடிப்படி பக்கம் திரும்பினார், சாயங்காலம் என்னைக் கூப்பிட வேண்டுமே என்று நினைத்தாரோ என்னவோ. நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

மெஷின் பாவம், தாங்கும் மட்டும் கத்திவிட்டு மூர்ச்சை போட்டிருக்கிறது.

காய்ச்சலோடு மாடியில் படுத்துக் கிடந்தபோது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. குக்கர் விசிலை மாமி எண்ணுவது அதன் எதிரில் நின்று, ஆவியைப் பார்த்து. யாராவது பேச வந்தால் "வெளிச்சத்துல உக்காரு" என்று ஜன்னல் பக்கமாகத் தள்ளுவது உதட்டைப் பார்க்க. இருட்டத் தொடங்கினால் "விளக்கு வெக்கற நேரத்துல என்ன பேச்சு" என்று பேச்சை முடித்துக்கொள்வது. நான் வீட்டில் இருக்கிற நேரத்தில் டிவியைத் தொடாமல் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவது. என் போனில் மகனின் செய்தி வேறு: 'அம்மா ஓகேவா?' பதில் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

உடம்பு தேறியதும் கீழே போனேன். வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"மாமி, கண்டுபிடிச்சாச்சு. மெஷின்ல ஒண்ணும் இல்ல. ஸ்பீக்கர்லயும் இல்ல, கறண்டுலயும் இல்ல."

"பின்னே?"

"லைன்லதான்."

மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேனோல்லியோ!"

"ஸ்பீக்கர் வரைக்கும் வாற லைன் நல்லா இருக்கு. அதுக்கு அப்புறம், ஸ்பீக்கர்லேருந்து உங்க தலைக்குள்ள போகுத லைன். அதுலதான் கோளாறு. மெஷின் மேலயும் தப்பு இல்ல, உங்க மேலயும் தப்பு இல்ல."

மாமி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, எதிரில் இருந்த காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். அதற்குப்பின் என்னோடு பேச்சில்லை. மோட்டார் போட வேண்டுமென்றால் சுவிட்ச் பக்கம் கையைக் காட்டுவார். நான் அதிகப்பிரசங்கி என்று என்னையே திட்டிக்கொண்டு ஆபீஸ் போய் வந்தேன். ஒரு ஞாயிறு காலை, முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி வந்து என் கதவில் நின்றார். பட்டுப் புடவை கட்டியிருந்தார்.

"லைன்மேன் எங்கே இருக்கான்?" என்றார்.

காது பரிசோதனை செய்கிற இடத்தில், கண்ணாடி அறைக்குள் மாமிக்கு ஹெட்போன் மாட்டினார்கள். மாட்டியதும் முதுகு நிமிர்ந்துவிட்டது, பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்த மாதிரி. சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். மாமி அழுத்தினார், அழுத்தினார், இடைவெளி விடாமல் அழுத்தித் தள்ளினார். சோதித்த பெண் வெளியே வந்து அவர் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னாள்: "அம்மே, ஞான் இது வரே ஒந்நும் இட்டில்லல்லோ." அவள் இதுவரை ஒரு சத்தமும் போடவே இல்லை! கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு. மாமி என்னைப் பார்த்து முறைத்துவிட்டு, அதன்பின் ஒழுங்காக அழுத்தினார்.

இரண்டு காதுக்கும் கருவி வந்தது. காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, நரைத்த முடிக்குள் மறைந்துவிடுகிற அளவுதான். முதல் சில நாள் மாமி உலகத்தோடு சண்டை போட்டார். மின்விசிறி இவ்வளவு கத்துமா? பிளாஸ்டிக் பையை எதற்கு இப்படி நொறுக்குகிறாய்? "மேலே என்னடீ, யானையைக் கட்டிப் போட்டிருக்கியா?" என்று என் பாட்டையும் நிறுத்த வைத்தார். ரிசீவர் அதன்பின் ஒருநாளும் அணையவில்லை. திருகு பாதிக்குக் கீழே நின்றது. சரி செய்ய ஒன்றும் இல்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

"பெங்களூர் அண்ணாகிட்ட சொல்லட்டுமா மாமி?"

"வேண்டாம். மெஷின் வெச்சுண்டதைச் சொன்னா, காது போன கதையையும் சொல்லணுமே. நானே பாத்துச் சொல்லிக்கறேன்."

ஓணத்துக்கு மகன் தனியாக வந்தார். அம்மாவிடம் அவர் பேசுவதெல்லாம் முகத்துக்கு நேராக, தொண்டை நரம்பு புடைக்க: "அம்மா! மாத்திரை சாப்ட்டயா?" மாமி ஒவ்வொரு முறையும் லேசாகக் கண்ணைச் சுருக்கிக்கொள்வார். அவ்வளவு சத்தம் இப்போது தேவையில்லை என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டுவிடுவார் போல. தலைமுடியைக் காதின்மேல் இழுத்துவிட்டுக்கொள்வார்.

திருவோணத்துக்கு மறுநாள், மூன்றாம் ஓணத்தன்று, சப்வூஃபரைச் சரியாக வைக்க என்னைக் கூப்பிட்டார் மகன். நான் தரையில் உட்கார்ந்து ஒயரை இழுத்துக்கொண்டிருந்தேன். மாமி ஜன்னல் பக்கமாகக் கூடத்திலேயே உட்கார்ந்து நீளப் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மகனுக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது. அவர் எழுந்து வேறு அறைக்குப் போகவில்லை. குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. அம்மா காதில் விழாது என்று, அவர் இருக்கிற அறையிலேயே பேசிப் பேசிப் பழகிவிட்டது.

"இல்லே, அம்மாகிட்டே இன்னும் சொல்லலே. டிக்கெட் ரெண்டு பேருக்கும் எடுத்தாச்சு. கெளம்பற அன்னிக்குச் சொன்னாப் போறும். சும்மா ரெண்டு மாசம் வந்து இருன்னா வந்துடுவா... ஆமா, வீட்டை வாங்கிக்க ஆள் பாத்து வெச்சிருக்கேன். அதெல்லாம் அம்மா அங்கே வந்து பழகினப்புறம் சொல்லிக்கலாம்."

மாமியைப் பார்த்தேன். கத்தியின் வேகம் மாறவில்லை. கையில் இருந்த பயறு முழுவதையும் ஒரே அளவாக நறுக்கி முடித்தார். நறுக்கியதைப் பாத்திரத்தில் வழித்துப் போட்டார்.

"டேய்" என்றார், தலை நிமிராமல். "என்னோட டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு. நான் வரலே. வீட்டுக்குப் பாத்து வெச்ச ஆளண்டையும் சொல்லிடு."

மகன் முதலில் என்னைத்தான் பார்த்தார், ஏதோ நான் பேசிவிட்டது போல. பிறகு அம்மாவை. போன் காதிலேயே இருந்தது. அதிலிருந்து மெலிசாக, கொசு ரீங்காரம் மாதிரி ஒரு குரல் வந்தது. எனக்கே வார்த்தை பிடிபடவில்லை.

மாமி முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டு அடுத்த பயற்றை எடுத்தார்.

"'என்னாச்சு, அம்மா கேட்டுட்டாளா?'ங்கறா பாரு. ரெண்டாவது தரம் கேக்கறா, பாவம். பதில் சொல்லேன்டா."